சைக்கிளை விட்டு இறங்குவது எப்படி

மடத்துக்குளத்தில் அமராவதி வாய்க்கால் மேட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட இறங்காமல் போக முடியாது. மடை வரும், இறங்கணும். கரை அறுந்து கிடக்கும், தூக்கணும். கரும்பு வண்டி போன தடத்தில் சேறு தேங்கி நிற்கும், தள்ளணும். கேரியரில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவர் இதையெல்லாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. பேச்சைக்கூட நிறுத்தாமல் இறங்கி, தூக்கி, மறுபடி ஏறிப் போய்விடுவார்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பந்தயம் இருக்கிறது. பெயர் சைக்ளோகிராஸ். புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வளையம். பெரிய வீரர்கள் அதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். புதியவர்களுக்கு அரை மணி, முக்கால் மணி. நடுவே 40 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பலகைகளைக் குறுக்கே நட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் அங்கே குதித்து இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓடியபடியே திரும்ப ஏறுகிறார்கள். செங்குத்தான மேடு வந்தால் காவடி மாதிரி சைக்கிள் தோளுக்குப் போய்விடும்.

போனில் இந்த வீடியோவை எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க தம்பி, ரோடுன்னு ஒண்ணு இருக்கறப்ப இவிங்க எதுக்குங்க இப்படி எறங்கி எறங்கி ஏறோணும்?” என்றார்.

நல்ல கேள்வி. பதில் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. சைக்கிளின் வரலாற்றை எல்லோரும் ஏறியவர்களின் கதையாகத்தான் சொல்கிறார்கள். இறங்கியவர்களுக்கும் ஒரு கதை உண்டு. அது பிரான்சில் ஒரு மாதிரி நடந்தது, நம்ம ஊர்ப்பக்கம் வேறு மாதிரி நடந்தது.

பிரான்சுக் கதை

தொடக்கம் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் குளிர்காலம் வந்தால் சைக்கிள் பந்தயங்கள் நின்றுவிடும். உடம்பு கெட்டுவிடாமல் இருக்க, வீரர்கள் அடுத்த ஊர் மாதாகோயில் கோபுரத்தை இலக்காக வைத்து, வயல், வேலி, ஓடை என்று குறுக்கே பாய்ந்து போனார்கள். தானியேல் கூசோ என்ற ராணுவச் சிப்பாய், குதிரையில் போகும் நண்பர்களோடு காட்டுக்குள் சைக்கிளில் போய்ப் பழகியவர். அவர் முயற்சியில் 1902-ல் பிரான்சின் முதல் தேசியப் போட்டி நடந்தது. டூர் டி பிரான்ஸே அதற்கு அடுத்த வருடம்தான் பிறந்தது.

1910-ல் டூர் டி பிரான்ஸை வென்ற ஒக்டாவ் லபீஸ், சேற்றில் ஓட்டிப் பழகியதுதான் தன் பலம் என்று சொன்னபிறகு இந்த விளையாட்டுக்கு மதிப்பு ஏறியது. 1950-ல் பாரிஸில் முதல் உலகப் போட்டி. ஜெயித்தவர் ழான் ரோபிக். அவரும் 1947-ல் டூர் வென்றவர்தான். 1967 முதல் 1993 வரை அமெச்சூர்களுக்கென்று தனி உலகப் பட்டமே இருந்தது. பெண்களுக்கு உலகப் போட்டி வந்தது 2000-ல். ஆண்கள் தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து.

இந்தக் கதையில் இறங்குவது என்பது முழுக்க ஓட்டுகிறவனின் முடிவு. எந்த இடத்தில் இறங்கினால் இரண்டு நொடி மிச்சம் என்று கணக்குப் போட்டு இறங்குகிறான். இறங்கியதற்காக யாரும் அவனைக் குறைவாகப் பார்ப்பதில்லை. அழகாக இறங்குகிறவனுக்குக் கைதட்டல்கூட உண்டு.

நம்ம ஊர்க் கதை

இங்கே சைக்கிள் முதலில் இறக்குமதிப் பொருளாக வந்தது. பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தோம். 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ் வந்தது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், ஏறக்குறைய 20 கிலோ எடை. பால்காரர், தபால்காரர், மில்லுக்கு ஷிஃப்ட் போகிறவர் என்று எல்லாருக்கும் அதுதான் வண்டி.

அதில் ஏறுவதற்கு நம் ஆட்களிடம் ஒரு முறை இருந்தது. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தத்தித் தத்தி உந்தி, வேகம் பிடித்ததும் வலது காலைப் பின்பக்கமாக வீசி சீட்டில் உட்காருவது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாத்தாமார் இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சைக்ளோகிராஸில் இறங்குவது கிட்டத்தட்ட இதையே திருப்பிப்போட்டதுதான்.

எங்கே இறங்குவது என்பதை மட்டும் எல்லாராலும் தீர்மானிக்க முடியவில்லை. பெரியவர் எதிரே வந்தால் மரியாதைக்கு இறங்கினார்கள். விளக்கில்லாமலோ டபுள்ஸோ போனால் போலீஸ்காரர் இறக்கினார். இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிற கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில், தலித் ஒருவர் ஊர்த்தெருவுக்குள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டுதான் போகணும். போர்டு எதுவும் கிடையாது. எங்கே இறங்கணும், எங்கே ஏறலாம் என்பது அவருக்கும் தெரியும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006-ல் ஒரு புத்தகம் வெளிவந்தது. தலித்துகள் சைக்கிள் ஓட்டத் தடை என்பது அதில் தனியாகப் பதிவாகியிருக்கிறது. 1989-ம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் ஒருவர் சைக்கிளில் ஏறுவதையோ ஓட்டுவதையோ சாதியின் பேரில் தடுப்பது குற்றம் என்று அதில் ‘சைக்கிள்’ என்ற சொல்லையே போட்டு எழுதியிருக்கிறார்கள். சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் விண்கலம் அனுப்பிய பிறகு நாம் போட்ட சட்டம் அது. தேவை இல்லாமல் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஏறியவர்கள் கதையும் ஒன்று சொல்லணும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் என்று பல்லாயிரம் பேர் சைக்கிள் கற்றார்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றுக்கொண்ட பெண்களில் பலர், பிறகு அதையே விரும்பினார்கள். காரணம் முன்னால் இருக்கும் பார் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

எந்தச் சைக்கிள் வாங்குவது என்று இன்று இணையத்தில் மணிக்கணக்காகத் தேடுகிறோம். அந்தப் பெண்கள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள்: இதில் எதைச் சுமக்கப்போகிறேன்? சைக்ளோகிராஸ்காரரின் கேள்வியும் அதே பார் கம்பியைப் பற்றியதுதான். அவருக்குச் சைக்கிளைத் தோளில் மாட்ட அது வேண்டும்.

வாய்க்கால் மேட்டில் தொடங்குகிறவருக்கு

ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் சேறுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பாவின் சைக்ளோகிராஸ் பருவமும் அப்போதுதான். அதனால் ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை.

வண்டி: இருப்பதை எடுங்கள். சர்வதேசப் போட்டியில் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கைப்பிடி வளைந்திருக்கணும். அமெச்சூர் பந்தயங்கள் பலவற்றில் மலைச் சைக்கிளில் வந்தாலும் விடுகிறார்கள். தாத்தாவின் ஒன்றரை அங்குல டயர் 38 மில்லிமீட்டருக்குப் பக்கம் வரும், அகலத்தில் குறையே இல்லை. எடைதான் பிரச்சினை. அரசு பிளஸ் 1-ல் கொடுத்த சைக்கிளாக இருந்தாலும் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, கூடை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கரிசல் மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது.

காற்று: கல்லு மாதிரி அடைக்காதீர்கள். ட்யூப் டயரில், 60 கிலோ எடை உள்ளவர் 35 முதல் 40 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். மேட்டில் இடிக்கும்போது ரிம் தரையில் தட்டினால் கொஞ்சம் கூட்டுங்கள். சீமைக்கருவேல முள் யாரையும் விடாது. மாற்று ட்யூபும் பம்பும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

இறங்குவது: செயின் வலப்பக்கம் இருப்பதால் எப்போதும் இடப்பக்கம்தான் இறங்கணும். பிரேக்கில் வேகத்தைக் குறையுங்கள். வலது காலைப் பின்னால் வீசி இடப்பக்கம் கொண்டுவாருங்கள். வலது கை பார் கம்பியைப் பிடிக்கட்டும், இடது கை கைப்பிடியில் இருக்கட்டும். வலது கால் தரையைத் தொட்டதும் ஓட்டம் தொடங்கணும். முதல் வாரம் நடக்கிற வேகத்தில், மைதானப் புல்லில், ஒரு நாளைக்கு 20 தடவை. ஏறும்போது சீட்டின் மேல் பொத்தென்று குதிக்காதீர்கள். வலது தொடையின் உட்பக்கம் முதலில் சீட்டில் பட்டு, வழுக்கி உட்காரணும்.

மூச்சு: வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் முழு மூச்சாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் நான்கு சுற்று. இன்னொரு நாள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு மேட்டில் பத்துத் தடவை ஏறுங்கள். மற்ற நாள்களில் சும்மா ஓட்டினால் போதும்.

சைக்ளோகிராஸ் என்று பெயர் போட்டு நடந்த பந்தயத்தை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருக்கிறேன். அண்ணா பிறந்தநாளையொட்டி அரசு நடத்தும் மிதிவண்டிப் போட்டியும் உண்டு. 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்பிள்ளைகளுக்கு 10. இந்தியாவில் செய்த, சாதாரணக் கைப்பிடி வைத்த சைக்கிள்தான் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. காசுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி வண்டியில் நிற்கட்டும் என்றுதான் அதை நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நாள் சைக்ளோகிராஸ் நடந்தால் வளையத்தை எப்படிப் போடுவது என்று அடிக்கடி மனதுக்குள் வரைந்து பார்ப்பேன். அமராவதியின் பழைய ராஜ வாய்க்கால்கள் எட்டு. சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஊர்ப் பேர்களே வாய்க்கால்களுக்கும் பேர். ஏதோ ஒன்றின் கரையில் தொடங்கலாம். ஒரு மடை, ஒரு களத்துமேடு, மணலுக்கு ஆற்றோரம். எல்லாம் ஈசியாக வரைந்துவிடலாம்.

அதற்குப் பிறகு பென்சில் கொஞ்சம் தயங்கும். வாய்க்கால் மேட்டோடு முடித்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை. அப்படி இல்லாமல் வளையம் காலனிக்குள் நுழைந்து, அங்கிருந்து நேராக ஊர்த்தெருவில் ஏறி, கோயில் முன்னால் திரும்பி வரணும். தெருவில் பலகை எதுவும் நடக்கூடாது. நட்டால் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் நடணும்.

இதைக் கடை அண்ணனிடம் சொன்னேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “நடத்துங்க தம்பி. அன்னைக்கு வண்டிக்கெல்லாம் காத்து நான் ஃப்ரீயா அடிச்சுத் தாரேன்” என்றார்.