குலானும் கிளாவரும்: திருவனந்தபுரத்து ‘இருபத்தெட்டு’ எங்கிருந்து வந்தது?

திருவனந்தபுரத்தில் நான்கு பேரும் ஒரு சீட்டுக்கட்டும் கூடினால் தொடங்கிவிடும் ஆட்டம் ‘இருபத்தெட்டு’. எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். 52 சீட்டுகளில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவை ஒதுக்கப்பட்டு 32 மட்டும் பகிரப்படும். ஜாக்குக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றுக்கு ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 7 என நான்கு இனங்களுக்கும் சேர்த்து 28. ஒரு கை முடியச் சில நிமிடங்கள் போதும். இதையே இரண்டு கட்டுகளால் பெருக்கினால் ‘ஐம்பத்தாறு’.

வாய்வழியே பரவிய ஆட்டம் என்பதால், இதன் பூர்வீகத்தைத் தேடுவோர்க்கு இரண்டு வகைத் தடயங்களே மிஞ்சுகின்றன: ஆடுவோர் வாயில் புழங்கும் சொற்கள்; ஆட்டத்தின் உள்ளமைப்பு. இவற்றுள் சொற்கள் கவர்ச்சியானவை. அமைப்பே நம்பத்தக்கது.

மற்ற இனங்களை வெட்டும் சீட்டுக்கு மலையாளத்தில் ‘துறுப்பு’ என்று பெயர், தமிழில் ‘துருப்பு’. போர்த்துகீசியச் சொல்லிலும் ஆங்கில ‘டிரம்ப்’பிலும் மூக்கொலி உண்டு. டச்சுச் சொல்லான ‘துரூஃப்’பில் அது இல்லை, துறுப்பிலும் இல்லை. எனவே துறுப்பு டச்சு வழி வந்தது எனக் கொள்வதே ஒலியியலுக்கு இசைவானது. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் எழுதும் ‘துரும்புச் சீட்டு’ மூக்கொலியோடு நிற்கிறது. அதன் வழி வேறு. ‘கிளாவர்’ இன்னும் தெளிவானது. அதே இனத்தைப் போர்த்துகீசியர் கழி என்றும் ஆங்கிலேயர் தடி என்றும் பொருள்படும் சொற்களால் அழைக்க, டச்சு மொழி மட்டும் மூவிலைத் தாவரமொன்றின் பெயரால் ‘கிளாவர்’ என்கிறது. ‘இஸ்பேட்’ பற்றி இப்படி உறுதி கூற இயலாது. போர்த்துகீசிய ‘எஸ்பாடா’, ஆங்கில ‘ஸ்பேட்’ இரண்டுமே பொருந்தும். ‘இஸ்கூல்’ என்று சொல்லும் நாவுகளில் முன்னிற்கும் இகரம் எதையும் நிறுவாது. ஜாக்குக்கு வழங்கும் ‘குலான்’ பாரசீகம் வழி வந்த ‘குலாம்’, அதாவது அடிமை.

டச்சு என்றதும் நினைவு கொளச்சலுக்குத் தாவும். 1741இல் அங்கு மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டி லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அவருடைய சிப்பாய்கள் முகாமில் ஆடிய சீட்டே இருபத்தெட்டு ஆயிற்று என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. இனப்பெயர் சீட்டுக்கட்டோடு பயணம் செய்யும்; அதற்கு ஆட்டம் துணை வர வேண்டியதில்லை. மேலும், டச்சுக்காரர் கொச்சியை 1663 முதல் 1795 வரையும் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரையும் ஆண்டனர். நூற்றுமுப்பது ஆண்டுத் துறைமுக வாழ்க்கை இருக்க, ஒரு போர்க்களத்தைத் துணைக்கு அழைப்பானேன்?

அமைப்பு சொல்வது வேறொரு கதை. ஜாக்கும் ஒன்பதும் ஏஸை வெல்வது, ஐரோப்பாவில் ‘யாஸ்’ குடும்பத்து ஆட்டங்களின் தனி அடையாளம். சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசன் பகுதியில் 1796இல் பதிவாகும் யாஸ், நெதர்லாந்திலிருந்து சென்றது. இன்றைய டச்சு ‘கிளாவர்யாஸ்’ ஆட்டத்தில் துருப்பு ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, ராணிக்கு 3. இலங்கைத் தமிழரும் சிங்களவரும் ஆடும் ‘304’இல் வரிசை 30, 20, 11, 10, 3, 2. கூட்டினால் 76, நான்கு இனங்களுக்கு 304. பதினொன்றும் பத்தும் அப்படியே நிற்கின்றன. இது தற்செயலாக நேரக்கூடியதன்று. இருபத்தெட்டு இவ்வரிசையைச் சுருக்கி, கணக்குப் போட எளிதாக்கிக்கொண்டது.

ஆனால் டச்சு ஆட்டத்தில் ஜாக்கும் ஒன்பதும் துருப்பு இனத்தில் மட்டுமே தலைமை பெறும். மற்ற இனங்களில் ஏஸே முதல். 304இலும் இருபத்தெட்டிலும் நான்கு இனங்களிலும் அவைதாம் முதல். தென்னாப்பிரிக்கத் தமிழர் நடாலில் ஆடும் ‘தனி’ ஆட்டத்திலும் அதே விதி. புள்ளிகளும் 304க்கு உரியவையே. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பனில் இறக்கியது. அங்கு ஆப்பிரிக்கான்ஸ் பேசும் அண்டையாரிடம் கிளாவர்யாஸைக் கற்றே இதை உருவாக்கினர் எனில், ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்ற மாற்றம் யாழ்ப்பாணத்திலும் டர்பனிலும் தனித்தனியே ஒரே மாதிரி நிகழ்ந்திருக்க வேண்டும். ஒப்பியல் மொழிநூலார் பொதுப் புதுமை என்று எதைச் சொல்கிறார்களோ, அது இதுதான். மூல மொழியிலிருந்து கிளைகள் ஒரே வகையில் விலகினால், அவற்றுக்கு இடையில் ஒரு பொது மூதாதையை வைக்கிறோம். அந்த மூதாதை ஆட்டம் டச்சு விதைகொண்டு இக்கடற்கரைகளில் வளர்ந்தது எனல் தகும்.

மறைத்துவைக்கும் துறுப்பும் அம்மண்ணின் விளைச்சலே. முதல் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்து விளிக்க வேண்டும். அதிகம் விளித்தவர் துறுப்பு இனத்துச் சீட்டொன்றைக் கவிழ்த்துவைப்பார். பின்னரே எஞ்சிய நான்கு சீட்டுகள் வரும். கேட்ட இனம் கையில் இல்லாத ஒருவர் கேட்கும்வரை துறுப்பு எதுவென்று அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. அரைகுறைத் தகவலை வைத்து ஊகிப்பதே ஆட்டத்தின் உயிர். கிளாவர்யாஸில் துருப்பு வெளிப்படையானது. 304இலோ கவிழ்த்துவைக்கும் வழக்கம் உண்டு.

ராஜாவை அடிமை வெல்லும் இந்த ஆட்டத்தில் அடிமட்டச் சீட்டு ஏழு. ‘ஏழாங்கூலி’ என்றால் மலையாளத்தில் ஒரு பொருட்டாக மதிக்கப்படாத ஆள். சீட்டைத் தொட்டறியாதவரும் இவ்வசவை அறிவர். தோல்விக்குரிய பெயருக்கு மட்டும் கப்பலேறிப் போக வேண்டியதில்லை. வைத்த காய்களை முற்றும் இழந்த அணியினர் காதில் ‘குணுக்கு’ அணிய வேண்டும். காது வளர்க்கத் தமிழ்ப் பெண்கள் தொங்கவிட்ட ஈயக் குண்டுக்கும் அதுவே பெயர்.