அப்போதிக்கரிமாரின் காலம்

கொழும்பில் பேரை வாவியை ஒட்டிய கொம்பனித்தெரு, 19ஆம் நூற்றாண்டில், இலங்கை ரைபிள் படையின் மலாய்ச் சிப்பாய்களும் அவர்களுடைய குடும்பங்களும், அவர்களை அடுத்துச் சோனகரும் தமிழரும் சிங்களவரும் வாழ்ந்த பன்மொழிக் குடியிருப்பாக இருந்தது. பிரித்தானியர் கொண்டுவந்த மேலை மருத்துவம் தொடக்கத்தில் இத்தகைய படைக் குடியிருப்புகளையும் துறைமுகங்களையுமே பெரிதும் சுற்றி நின்றது. பொதுமக்களுக்கெனக் குடிசார் மருத்துவத் திணைக்களம் 1858இல்தான் தனியாக அமைந்தது.

ஆனால் கொழும்பில் மருத்துவப் பள்ளி எழுந்ததற்கு உடனடிக் காரணம் தலைநகரின் தேவை அன்று. வன்னியில் மக்கள்தொகை அருகி வந்ததை ஆராய்ந்த வட மாகாண மருத்துவ அதிகாரி ஜேம்ஸ் லூஸ் அளித்த அறிக்கையை அடுத்தே, 1870 ஜூனில், 25 மாணவருடன் அப்பள்ளி திறக்கப்பட்டது. 1880இல் இலங்கை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், முழுப் பயிற்சி பெற்ற மருத்துவரோடு, குறுகிய காலப் பயிற்சியின்பின் ஊர்ப்புற மருந்தகங்களைப் பொறுப்பேற்ற அப்போதிக்கரிமாரையும் உருவாக்கியது. அப்போதிக்கரி மருந்து கலப்பவர் மட்டுமல்லர். நோயைக் கண்டறிந்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, தம்மால் இயலாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரும் அவரே. நோயாளி கையோடு கொண்டுவந்த வெற்றுப் போத்தலில் மருந்துக் கலவையை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டு எனக் கத்தரித்த கடதாசித் துண்டை அதில் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம், எழுத்தறியாதவருக்கும் அளவை விளங்கவைத்தது.

கொழும்புக்கு முன்பே யாழ்ப்பாணம் இத்துறையில் இறங்கியிருந்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 60க்கு மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்ட அவர், 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் கற்றவர் தம் ஊராரிடையே தங்கித் தொழில் செய்வர் என்பது அவருடைய கணக்கு. கலைச்சொற்களைத் தேடியும் ஆக்கியும் அவரும் அவருடைய மாணவரும் வெளியிட்ட நூல்களுள், 1872இல் வந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ 800 பக்கங்களுக்கு மேற்பட்டது. மத மாற்றமும் அவர் நோக்கமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பயிற்சி மொழியே மருத்துவன் எங்கே தங்குவான் என்பதைத் தீர்மானிக்கிறது என்று கண்டதில், கொழும்பின் ஆங்கிலக் கல்லூரியைவிட அவர் தெளிவாக இருந்தார். 1873இல் அவர் நாடு திரும்பிய பின், அம்முயற்சியைத் தொடர அரசு முன்வராதது பெரும் இழப்பே.

மலையகத்தில் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ ஏற்பாடுகளை விதித்தது. எனினும், மாவட்ட மருத்துவர் தொலைவில் இருக்க, லயத்து மக்கள் அன்றாடம் கண்டது தோட்டத்து டிஸ்பென்சரையே.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம், கடற்படையில் மருத்துவப் பணியாற்றிய நால்வரைக் கொண்டு 1965இல் மருத்துவ உதவியாளர் பயிற்சியைத் தொடங்கியபோது, இலங்கையில் அத்தகைய தொழில் பல தலைமுறைகளைக் கண்டிருந்தது. அப்போதிக்கரி என்ற பெயர் உதவி வைத்தியர் என்றும், பதிவு பெற்ற வைத்திய அதிகாரி என்றும் மாறியது. இப்பயிற்சி பின்னர் நிறுத்தப்பட்டது. ஆயினும் உள்நாட்டுப் போர்க்காலத்தில், பட்டதாரி மருத்துவர் போதாத வடக்கு கிழக்கில், அந்த வன்னி உட்பட, பல சிற்றூர் ஆஸ்பத்திரிகளை நடத்தியவர்கள் இவர்களே.