ராயப்பர் ஊரின் தோத்திரம்

சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன் இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர மசூலா படகு வேண்டும். அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். நம் கடலின் அலை தூக்கித் தரையில் அறைந்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் சாராயப் பீப்பாயானாலும் அந்தக் கயிற்றை நம்பித்தான் மதராஸில் கால் வைக்க முடியும்.

அதை ஓட்டியவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். தெற்கே இருந்த அவர்களைக் கம்பெனி நிர்வாகம் வடக்கே நகர்த்தியது. பேதுருவுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் ராயப்பர் என்று பெயர். அவரும் மீனவர். புது இடம் ராயபுரம் ஆனது. 1829இல் படகுக்காரர்களின் பொதுப்பணத்தில் புனித ராயப்பர் கோயில் எழுந்தது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் சர்வர் விழாமல் ஓடினால் யாரும் நன்றி சொல்வதில்லை. விழுந்தால்தான் போன் வரும். படகு கவிழாமல் திரும்பிய சாதாரண நாட்களின் கூலியிலிருந்து சேர்த்து ஒரு கோயிலையே கட்டியவர்களை நினைத்தால் அதனால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலின் பணமும் பொறுப்பும் யார் கையில் என்று சமூகத்தாருக்கும் குருமாருக்கும் நீண்ட காலம் இழுபறி நடந்தது. தோத்திரம் சொன்ன அதே வாய்தான் கணக்கும் கேட்டது.

'கஷ்டத்திலும் நன்றி சொல்லுங்கள்' என்று பிரசங்கம் செய்கிறவர்கள் மார்ட்டின் ரிங்கார்ட்டின் கதையைச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஐலன்பர்க் ஊர்ப் போதகர். முப்பதாண்டுப் போர்க்காலத்தில், 1637இல், ஊரில் கொள்ளைநோய். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் அடக்கம் செய்தார் என்பார்கள். அதில் அவர் மனைவியும் ஒருவர். உலகமே பாடும் நன்றிப் பாட்டை அவர் அந்தப் பிணக்குவியலுக்கு நடுவே எழுதினார் என்பது கதை. ஆனால் அது நோய்க்கு முன்பே, பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் சொல்லும் ஜெபமாக எழுதப்பட்டது என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. சாவு அந்தப் பாட்டைத் தரவில்லை. சோற்றுக்கு முன்னால் தினமும் சொல்லிப் பழகிய வாய், சாவு வந்தபோதும் அதையே சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

ராயபுரத்துக்கு நஷ்டம் வேறு வழியில் வந்தது. 1861இல் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. பிறகு துறைமுகச் சுவர்கள். முடியப்போகிற நேரத்தில், 1881 நவம்பரில், புயல் அடித்து நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். கப்பல் நேராகக் கரையோடு வந்து நின்றபின் மசூலாவுக்கு என்ன வேலை? தொழில் போனது. அதோடு நிற்கவில்லை. வங்கக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இப்போது அங்கே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் தின்கிற யாரும் ராயபுரத்துக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இறால், நண்டு, வலை, படகு எல்லாம் கறுப்பு. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து ஜனங்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். சுனாமியின் நினைவுநாள் வேறு அது. இந்தக் குப்பங்களில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள். எண்ணெய் மதம் பார்க்கவில்லை.

இவர்களிடம் போய் 'எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள்' என்று வெளியாள் ஒருவர் சொன்னால் அது ஆறுதல் இல்லை, வாயடைப்பு. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் நன்றிப் பாட்டுகளைவிடப் புலம்பல்களே அதிகம் என்பதைப் பிரசங்கிகள் ஏனோ சத்தமாகச் சொல்வதில்லை.

எர்ணாவூரில் என் சின்ன ஆயா வீட்டுச் சுவரில் அப்போது இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு இருந்தது. நான் போனபோது ஆயா துடைப்பத்தோடு நின்று, "உயிரு இருக்குதே, தோத்திரம் ஆண்டவரே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

"இவ்ளோ ஆனப்புறமும் எதுக்கு ஆயா தோத்திரம்?"

"இன்னாடா நீ. தோத்திரம் ஆண்டவருக்கு. கம்பெனிக்காரனுக்கா சொன்னேன்?"

பிறகு பீரோ மேலிருந்து ஈரமாகாத ரேஷன் கார்டை எடுத்து என் கையில் கொடுத்து, நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்க நாலு ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னாள்.