சைக்கிள்ல வந்த போட்டி

போன ஞாயித்துக்கிழமை காலைல நல்ல தூக்கத்துல இருக்கேன், கோவில்பட்டியில இருந்து சித்தப்பா போன். "ஏல, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே. எதுத்தாப்ல ஒருத்தன் சூப்பர் மார்க்கெட் போட்டிருக்கான். நான் கொள்முதல் பண்ணுத வெலைக்கும் கீழ எண்ணெய் விக்கான். என்ன செய்யன்னு பாத்துச் சொல்லு."

சித்தப்பாவுக்கு முப்பது வருஷமா மளிகைக் கடை. அவரே ஒரு முடிவும் எடுத்து வெச்சிருக்கார். சித்தி நகையை அடகு வெச்சு, கடைக்கு ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வெச்சு, அவனை மாதிரியே ஆக்கிடறதாம். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பொட்டி தட்டறது மட்டும்தான். வியாபாரத்துக்கும் நமக்கும் ரொம்ப தூரம். ஆனா சரித்திரம் படிக்கிற கெட்ட பழக்கம் ஒண்ணு இருக்கே :) அதுல இருந்து ஒரு கதையை அவருக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், வேற யாருக்காவது உதவலாம்.

கதை நடந்தது அகமதாபாத்ல. வருஷம் 1969.

கர்சன்பாய் படேல்னு ஒருத்தர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு, குஜராத் அரசாங்கத்தோட புவியியல், சுரங்கத் துறையில வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுல உக்காந்து கையாலயே சலவைத்தூள் கலப்பார். அதைப் பொட்டலம் கட்டி, சைக்கிள்ல வெச்சு, வீடு வீடா கொண்டு போய் விப்பார். தூளுக்கு மகள் நிருபமா பேரைச் சுருக்கி வெச்சார்: நிர்மா.

அப்ப சலவைத்தூள்னாலே சர்ஃப்தான். இந்துஸ்தான் லீவர் கம்பெனி 1959ல இந்தியாவுல இறக்கினது. கிலோ சுமார் 13 ரூபாய்னு சொல்றாங்க. நிர்மா 3 ரூபாய். பிடிக்கலைன்னா காசு வாபஸ்னும் சொல்லித்தான் வித்திருக்கார்.

"சரி, வெலையைக் குறைச்சு வித்தான், ஜெயிச்சான். அதானே?"ன்னு சித்தப்பா கேட்டார். அங்கதான் மேட்டரே இருக்கு.

சும்மா வெலையைக் குறைச்சிருந்தா ஆறே மாசத்துல கர்சன்பாய் காணாமப் போயிருப்பார். போட்டியாளரோட பொருள் ஏன் 13 ரூபாய் ஆகுதுன்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது, வேதியியல் படிச்சவராச்சே. சர்ஃப் மாதிரி தூள் செய்ய எல்லாத்தையும் கூழாக் கரைச்சு, உயரமான கோபுரத்துக்குள்ள பீய்ச்சி அடிச்சு, சூடான காத்துல உலர்த்தணும். அப்பத்தான் அது லேசா, நுரை மாதிரி மணிமணியா வரும். கோபுரத்துக்கு முதல் வேணும், சூட்டுக்கு எரிபொருள் வேணும். அதுக்கு மேல கம்பெனியோட ஆபீஸ், விளம்பரம், விற்பனைப் படைன்னு எல்லாச் செலவும் அந்த 13 ரூபாய்க்குள்ளதான் இருக்கு.

கர்சன்பாய் கோபுரத்தையே தூக்கிட்டார். சோடா உப்பையும் அழுக்கு எடுக்கிற ரசாயனத்தையும் நேரடியா கலந்தா முடிஞ்சது. மின்சாரம் இல்லாம கையால செய்யற சிறுதொழிலுக்கு அப்ப கலால் வரிச் சலுகை வேற இருந்தது. சம்பளத்துக்கு விற்பனை ஆள் கிடையாது. 3 ரூபாய்க்கு வித்தும் அவருக்கு லாபம் நின்னுது. அவரோட செலவு அமைப்பே வேற. லீவர் அதே வெலைக்கு இறங்கணும்னா தன்னோட தொழிற்சாலையையே மாத்தியாகணும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நிர்மா வாங்கினவங்க யாரு? சர்ஃபை விட்டுட்டு வந்தவங்க கொஞ்சம் பேர்தான். நிறைய பேர் சர்ஃபை அதுவரைக்கும் வாங்கியே இருக்க மாட்டாங்க. பார் சோப்பை நறுக்கித் தேச்சு, கல்லுல அடிச்சுத் துவைச்சவங்க. அப்ப கர்சன்பாயோட நிஜமான போட்டி அந்த சோப்புக் கட்டிதான். சர்ஃப் சும்மா பேருக்குத்தான் எதிரி. இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. போர்டுல பெரிய எழுத்துல பேர் போட்டிருக்கிறவன்தான் நம்ம போட்டியாளர்னு நினைச்சுக்கிறோம். வாங்கறவங்க நம்ம பொருளை எதோட ஒப்பிட்டுப் பாக்கறாங்கங்கறதுதான் நிஜப் போட்டி.

லீவர் இதைப் புரிஞ்சுக்கலை. அது நம்ம சந்தை இல்லை, நம்ம வாடிக்கையாளர் இல்லைன்னு ரொம்ப வருஷம் விட்டுட்டாங்க. சர்ஃப் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தா அது சரியாத்தான் தெரியும். கணக்குலயே இல்லாத ஜனங்க வேற பக்கம் போறது எந்தக் கணக்குல தெரியப்போகுது? வெள்ளை கவுன் போட்ட குழந்தையும் அந்த விளம்பரப் பாட்டும் வீடு வீடா ஒலிச்சு, 1985 வாக்குல நிர்மா விற்பனை அளவுல சர்ஃபைத் தாண்டிடுச்சு.

லீவரோட முதல் பதில் விளம்பரம். 1980கள்ல டிவியில லலிதாஜின்னு ஒரு கறாரான குடும்பத் தலைவி வந்து, மலிவா வாங்கறதும் நல்லதா வாங்கறதும் வேற வேறன்னு பாடம் எடுப்பாங்க. அருமையான விளம்பரம். சர்ஃபைக் காப்பாத்தவும் செஞ்சுது. ஆனா மாசக் கடைசியில கையில 3 ரூபாய் மட்டும் வெச்சிருக்கிறவங்க கிட்ட அதைப் பேசி என்ன பிரயோஜனம்?

அப்புறம்தான் பெரிய கம்பெனி இறங்கி வந்து பாடம் படிச்சுது. நிர்மாவோட வளர்ச்சியைத் தடுக்கிற வியூகம்னு, ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டிங்'னு பேர் வெச்சு ஒரு திட்டமே போட்டாங்க. ஸ்டிங்னா கொட்டறது. 1980களோட பிற்பகுதியில வீல் வந்தது. தன்னோட பெரிய ஆலையை நம்பாம, வெளியில சின்ன ஆலைகள்ல செய்ய வெச்சாங்க. மூணு ரூபாய்க்காரன் கிட்ட கத்துக்கிட்ட வித்தை! அதோட நிர்மாவோட பலவீனத்தையும் கண்டுபிடிச்சாங்க. சோடா உப்பு ஜாஸ்திங்கறதால கை எரியும். வீல் கைக்கு இதமா இருக்கும்னு சொல்லி வித்தாங்க. பிற்பாடு நிர்மாவையே தாண்டிட்டாங்க. கோயம்புத்தூர்ல பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத், ஏழைகளோட சந்தையைப் பத்தி எழுதினப்போ இந்தக் கதையைத்தான் முக்கியமான உதாரணமா எடுத்துக்கிட்டார்.

கதை அங்கயும் முடியலை. கான்பூர்ல 1987ல ஆரம்பிச்ச கடி சலவைத்தூள், கால் நூற்றாண்டு கழிச்சு வீலையும் தாண்டுச்சு. இதுல யாருக்கும் நிரந்தர சிம்மாசனம் கிடையாது. ஒவ்வொரு தடவையும், எதிராளி எப்படிச் செய்யறான், யாருக்குச் செய்யறான், எதை விட்டுட்டான்னு பார்த்தவங்க கைக்குப் போச்சு.

இவ்வளவும் சொல்லி முடிச்சிட்டு, "சித்தப்பா, நீங்க இப்ப செய்யப்போறது கர்சன்பாய் கடன் வாங்கி கோபுரம் கட்டற மாதிரி"ன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோவிச்சுக்கிட்டாரோன்னு நினைச்சேன். அப்புறம், "அப்ப நான் என்னல செய்யணும்?"னு கேட்டார்.

"ஒரு பத்து நாளைக்கு நோட்டுல எழுதி வைங்க சித்தப்பா. யார் யார் வரதை நிறுத்திட்டாங்க, எதை வாங்கறதை நிறுத்திட்டாங்க, யார் இன்னும் வராங்க, எத்தனை மணிக்கு வராங்க. அதுக்கப்புறம் நகையைப் பத்திப் பேசலாம்."

நேத்து ராத்திரி போன் பண்ணினார். பாதி நோட்டு நிரம்பிடுச்சாம். மாச லிஸ்ட் கொடுத்து மொத்தமா வாங்கற ஒம்பது வீடு போயிடுச்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிஞ்சு வந்து அம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வாங்கிட்டுப் போறவங்க ஒருத்தர்கூட குறையலை. எதிர்க்கடையில அரை லிட்டருக்குக் கீழ எண்ணெயே கிடையாதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல்ல ஒரு மாதிரி உற்சாகம். "காலம்பற அஞ்சரைக்கே கடையைத் தொறந்தா என்னல? அவன் ஒம்பது மணிக்கில்லா தொறக்கான்!"

அது எடுபடுமா, எனக்குத் தெரியாது. அந்த ஒம்பது வீடு திரும்பி வரும்னு நான் நினைக்கலை, அவர்கிட்டயும் அதை மறைக்கலை. ஆனா சித்தி நகை இன்னும் சித்தி கிட்டதான் இருக்கு. இப்போதைக்கு அது போதும்.

பி.கு: எங்க வீட்டுல சலவைத்தூள் என்னன்னு இதை எழுதும்போதுதான் போய்ப் பார்த்தேன். சொல்ல மாட்டேன், லலிதாஜி திட்டுவாங்க :)