வைரம் யார் வீட்டுச் சொத்து?



நாட்டுக்கு நல்லது செய்வது குலத் தலைமையா, பாராளுமன்றமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னாங்க? "வகாண்டாவைப் பாருங்க. குலத்துக்கு ஒரு தலைவர், எல்லாருக்கும் மேல ஒரு ராஜா. தேர்தலும் இல்லை, ஓட்டுச்சாவடியும் இல்லை. ஆனா உலகத்திலேயே முன்னேறின நாடு அதுதான்" என்றார்கள். அம்மா, அது சினிமா! (சிரிப்பு) எங்க வீட்டுப் பையன் புண்ணியத்துல நானும் பார்த்தேன்.

சரி, அந்தக் கதைக்குள்ளேயே போவோம். 2018-ல் வந்த அந்தப் படத்தில் ராஜா ஆவது எப்படி? அருவிக்கரையில் சண்டை. ஜெயித்தவன் ராஜா. வெளிநாட்டில் வளர்ந்த பங்காளி ஒருத்தன் வந்தான், கில்மாங்கர்னு பேரு. ராஜாவை அருவியில் தூக்கிப் போட்டான். அவ்வளவுதான். வைப்ரேனியம்னு அந்த நாட்டுக்குச் சோறு போடுகிற உலோகம் இருக்கே, அது மொத்தமும் அவன் கைக்குப் போயிடுச்சு. "ஆயுதமாப் பண்ணி வெளியே அனுப்பு"ங்கறான். குலப் பெரியவங்க சபை இருந்துச்சே, அது அவனைத் தடுத்ததா? எப்படித் தடுக்கும்? வழக்கப்படி அவன்தானே ராஜா!

நடுவர் அவர்களே, ஒரு வேடிக்கை பாருங்க. அந்த வகாண்டா அமெரிக்கப் படக்கதையில் முதன்முதலாகப் பிறந்தது 1966. அதே 1966, செப்டம்பர் 30-ஆம் தேதி, ஆப்பிரிக்காவில் நிஜமாகவே ஒரு நாடு பிறந்தது. போட்ஸ்வானா. அங்கேயும் குலங்கள், அங்கேயும் தலைவர்கள், அங்கேயும் மண்ணுக்கடியில் புதையல். பிறந்த அன்றைக்கு நாடு பூராவும் தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர். சுதந்திரத்துக்குக் கொஞ்ச காலம் முன்பு வரை அதன் நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்க மண்ணில் இருந்தது. கற்பனையை விட்டுட்டு இந்த நாட்டுக்கு வாங்க.

முதல்ல எதிரணிக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே குலத் தலைவர் தனக்குத் தோன்றியதை எல்லாம் செய்துவிட முடியாது. 'கோட்லா'ன்னு ஊர் மன்றம் உண்டு. யார் வேணும்னாலும் எழுந்து தலைவரையே கேள்வி கேட்கலாம். கோட்லாவில் பேசுகிற எந்தச் சொல்லும் நல்ல சொல்தான்னு அங்கே பழமொழியே இருக்கு. நம்ம பட்டிமன்றம் மாதிரி! (கைதட்டல்) என்ன, 'யார் வேணும்னாலும்' என்றால் அந்தக் காலத்தில் ஆம்பளைங்க. தாய்மார்கள் கவனிக்கணும்.

அந்த மன்றத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. பமாங்வாட்டோ குலத்தின் வாரிசு செரட்சே கமா. நாலு வயசில் அப்பா போயிட்டார். சித்தப்பா செகேடிதான் அவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். பையனை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார். பையன் 1948-ல் ரூத் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். நம்ம வீட்டுல நடந்தா என்ன ஆகும்? அதுதான் அங்கேயும் ஆச்சு. சித்தப்பா ஒத்துக்கலை. செரோவே ஊரில் மறுபடி மறுபடி மன்றம் கூடியது. 1949-ல் மூன்றாவது முறை கூடினப்போ ஊரே செரட்சே பக்கம் நின்றது. மருமகளையும் ஏத்துக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு!

ஆனா அந்தத் தீர்ப்பு நின்னுச்சா? கறுப்பர் வெள்ளையர் கல்யாணமே தப்புன்னு சட்டம் போட்ட தென்னாப்பிரிக்கா பக்கத்து வீடு. அதன் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்கு வேணும். 1950-ல் செரட்சேயைப் பேச வரச்சொல்லி லண்டனுக்குக் கூப்பிட்டாங்க. போனவரைத் திரும்ப விடலை. ஆறு வருஷம்! 1956-ல், குலத் தலைமை எனக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. சித்தப்பாவும் அதேமாதிரி விட்டுக்கொடுத்தார். தலைவராப் போனவர் சாதாரணக் குடிமகனாத் திரும்பி வந்து 1962-ல் கட்சி ஆரம்பித்தார். 1965 தேர்தலில் 31 இடத்தில் 28 இடம்.

இப்பத்தான் வைரம் வருது. 1959-ல் செம்பு தேடுவதற்கு ஒரு கம்பெனி வந்தபோது ஒப்பந்தம் யாரோடு? பமாங்வாட்டோ குலத்தோடு. ஏன்னா மண் குலத்துடையது. 1967-ல் செரட்சேயின் அரசு சட்டம் கொண்டுவந்தது: பூமிக்கடியில் கிடைப்பது எந்தக் குலத்துக்கும் இல்லை, நாட்டுக்கு. அதே 1967-ல் ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். ஒராபா யார் நிலம்? அவருடைய சொந்தக் குலத்து நிலமய்யா! (கைதட்டல்) குலத் தலைவராகவே இருந்திருந்தால் அந்த வைரம் பரம்பரைச் சொத்து. வாய்க்கா வரப்புக்கு வெட்டிக்கிற நாம அதை யோசிக்கணும். பல நாடுகளில் வைரம் துப்பாக்கி வாங்கியது. இங்கே பள்ளிக்கூடமும் ரோடும் ஆச்சு.

இதை எல்லாத் தலைவர்களும் ரசிக்கலை. பாங்வாகெட்சே குலத் தலைவர் இரண்டாம் பத்தோயென் கடும் கோபத்தில் இருந்தார். அதிகாரமெல்லாம் தலைநகருக்குப் போயிட்டா எங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். தலைவர்கள் சபைன்னு ஒன்று உண்டு. ஆலோசனை சொல்லலாம், சட்டம் போட முடியாது. அவர் என்ன செய்தார்? ஈட்டியைத் தூக்கினாரா? 1969-ல் தலைமையைத் துறந்துவிட்டு எதிர்க்கட்சி வேட்பாளராக நின்றார். துணை ஜனாதிபதி க்வெட் மசிரேயையே தோற்கடித்தார்! பின்னாளில் உலகத்திலேயே பணக்கார வைரச் சுரங்கமாகப் பேரெடுத்த ஜவானெங் திறந்தது அந்தக் குலத்து மண்ணில்தான், 1982-ல். அந்த வைரமும் நாட்டுக்கே போனது.

பாராளுமன்றம் தப்பே செய்யலைன்னு நான் சொல்ல வரலை. கலஹாரி வனத்தில் காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களை 1997-லும் 2002-லும் இடம்பெயர்த்தார்கள். பெரிய குலங்களுக்குத் தலைவர்கள் சபையில் நாற்காலி இருந்தது; இவங்களுக்காகப் பேச ஆளில்லை. அது எனக்கு உறுத்துது. வழக்குப் போட்டார்கள். 2006-ல் உயர்நீதிமன்றம், வெளியேற்றினது சட்டவிரோதம்னு சொல்லியது. அரசு தோத்தது. தீர்ப்பு வந்த பிறகும் அந்த மக்கள் தண்ணீருக்காக மறுபடி கோர்ட்டுக்குத்தான் போகவேண்டி வந்தது.

"செரட்சே மகனும்தானே ஜனாதிபதி ஆனார்?"னு சகோதரி கேட்பாங்க. ஆமா, ஆனார், 2008-ல். 10 வருஷம் முடிஞ்சதும் 2018-ல் சட்டப்படி இறங்கினார். அந்த அப்பா ஆரம்பித்த கட்சி 58 வருஷம் ஆண்டது. 2024 அக்டோபர் தேர்தலில் அதுக்கு 4 இடம்தான். ஜனாதிபதி மசிசி, எண்ணிக்கை முழுசா முடியறதுக்குள்ளேயே தோல்வியை ஒத்துக்கிட்டு ஜெயிச்சவருக்குப் போன் போட்டு வாழ்த்தினார். அருவிப்பக்கம் யாரும் போகலை. (பலத்த கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சுட்டார். சகோதரிக்கு வழிவிட்டு அமர்கிறேன்.