சித்தூர் போலீஸ் தோளில் இருந்த .303

சித்தூர், திருப்பதி பக்கம் வளர்ந்தவர்களுக்கு .303 என்றால் விளக்கம் தேவையில்லை. போலீஸ்காரர் தோளில் மாட்டியிருந்த அந்தக் கனமான மரக்கட்டைத் துப்பாக்கிதான். 1953 அக்டோபர் 1 வரை சித்தூர் சென்னை மாகாணம். வேலூருக்கும் சித்தூருக்கும் ஒரே போலீஸ்.

முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுட வேண்டும். 1907-இல் வந்த மார்க் 3 மாடலை வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையும் செய்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் இரும்பு அல்ல, கட்டை! சுடும்போது குழல் பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் இரண்டு சின்ன மர முகங்கள். இரண்டிலும் இரும்பு சமமாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் குறி விலகும். நாளடைவில் கட்டையே பிளக்கும். அதனால் ஆர்மரர் இரும்பில் மை தடவிக் கட்டையில் அழுத்துவார். மை ஒட்டிய மேட்டை மட்டும் சீவுவார். மறுபடி மை, மறுபடி சீவல். அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாகப் போட்டால் போச்சு, மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

மரமோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். நம்மூர் கத்திரி வெயில் தெரியுமே! ஆளி விதை எண்ணெய் ஊட்டியும் கட்டைகள் பிளந்தன. ஈஷாப்பூர்க்காரர்கள் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகைச் செருகி இறுக்கினார்கள். 'ஈஷாப்பூர் ஸ்க்ரூ' என்று உலகெங்கும் துப்பாக்கி சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். சிட்னிக்கு மேற்கே லித்கோவில் வேறு வழி. அங்கே கிடைத்த மரம் மெதுவானது என்பதால், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அந்த மர முகங்களில் செம்புத் தகடு பதித்தார்கள். ஒரே நோய், இரண்டு வைத்தியம்.

செம்மரம் விளையும் சேஷாசலம் பக்கத்திலேயே இருக்க, அதில் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். அது தண்ணீரில் மூழ்கும் அளவு கனம். நாளெல்லாம் தோளில் சுமக்க வேண்டாமா? வால்நட் இலேசு, அதிர்வையும் தாங்கும்.

கழற்றுவதிலும் ஒரு சூட்சுமம். பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையை எடுக்காமல் அந்த போல்ட்டைத் திருகினால் கட்டை பிளந்துவிடும்.

உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்ற போலீஸ்காரர் குறி வைத்த இடத்தில்தான் குண்டு போகுமா என்பது, எங்கோ ஒரு பட்டறையில் பெயர் தெரியாத ஒருவர் பொறுமையாகச் சீவிய அந்தக் கட்டையைப் பொறுத்திருந்தது. அவர்கள் பெயரை எந்தத் துப்பாக்கியிலும் பொறிக்கவில்லை.