சுப்ரீம் கோர்ட் ஏறிய கை ரிக்‌ஷா

அம்பத்தூரிலும் ஆவடியிலும் மின்சார ரயில் ஏறி, திருவள்ளூர் பக்கம் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழக்கு, கே.ஏ. அப்பாஸ் எதிர் இந்திய ஒன்றியம். அந்த வழக்குக்குக் காரணமான குறும்படத்தில் நம் சென்னையும் இருக்கிறது.

'ஆவாரா' இந்திப் படத்தை எழுதிய அதே அப்பாஸ் 1968இல் எடுத்த 'சார் ஷஹர் ஏக் கஹானி' அது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை என்று நான்கு ஊர். மழை பொய்த்து, அரிசிக்கு அலைந்து, அந்தக் கோபமும் சேர்ந்து 1967 தேர்தலில் இங்கே ஆட்சியே மாறியிருந்த நேரம். ஆவடியில் டாங்கி ஆலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். மாளிகையையும் ஆலையையும் கட்டுகிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று காட்டியது படம். கறுப்பு வெள்ளை, வசனம் கிடையாது. வேலையாட்கள் பாடும் ஒரு பாட்டு, கொஞ்சம் பின்னணி இசை, அவ்வளவே.

ஒரு காட்சி. கொழுத்த ஆள் ஒருவர் கை ரிக்‌ஷாவில் சாய்ந்திருக்கிறார். நோஞ்சான் ஒருவர் வியர்த்து, மூச்சிரைக்க இழுக்கிறார். பிறகு இழுத்தவர் மேலே உட்கார, சவாரி வந்தவர் இழுக்கிறார். தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பிலேயே இதை எழுதி, படத்தின் சாரமே இதுதான் என்கிறார்.

தணிக்கைக் குழுவின் கண்ணோ பாலியல் தொழில் நடக்கும் தெருவின் மங்கலான காட்சிகள் மேல் விழுந்தது. 'ஏ' கொடுத்தார்கள். மறுபரிசீலனையிலும் அதே முடிவு. மேல்முறையீட்டில் மத்திய அரசு, வெட்டினால் 'யு' என்றது. அப்பாஸ் வெட்டவில்லை; சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே, வெட்டாமலே 'யு' தருகிறோம் என்று அரசு இறங்கி வந்தது. அவர் விடவில்லை, முன் தணிக்கையே செல்லுமா என்று கேட்டார். 1970 செப்டம்பர் 24இல், செல்லும் என்று தீர்ப்பு வந்தது. படம் ஜெயித்தது, படம் எடுப்பவர்கள் தோற்றார்கள். இன்றுவரை தணிக்கை அந்தத் தீர்ப்பில்தான் நிற்கிறது. மேல்முறையீட்டுக்கென்று பின்னால் வந்த தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் 1973இல் கை ரிக்‌ஷா ஒழிந்தது. கட்டுகிறவர் ஓரிடம், குடியிருப்பவர் ஓரிடம் என்பது ஒழியவில்லை. பூந்தமல்லி பக்கம் மெட்ரோ தூண் எழுப்ப வந்தவர்களில் பலர் ஒடிசா, பீகார்க்காரர்கள். தங்கியதோ தகரக் கொட்டகையில். சட்ட மாணவர்களே, தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். படத்தைத் தேடிப் பிடித்து, அவர்களையும் அழைத்து அம்பத்தூரில் ஒரு மாலை திரையிடுங்கள். வசனமில்லாத படம்; பார்க்க இந்தியும் தெரிய வேண்டாம், தமிழும் தெரிய வேண்டாம்.